அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடு

இந்துமதி வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும் கயிறு நீல நைலான் கயிறு. அதைப் பார்த்தாலே செல்லத்தாய்க்கு வயிறு எரியும். போயும் போயும் ஒரு கயிற்றுக்கா என்று கேட்பவர்கள் அவள் வீட்டுப் புறவாசலில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். அண்ணாந்தால் வானத்துக்கு முன்னால் அந்தக் கயிறுதான் தெரியும். இந்துமதியின் நைட்டி, அவள் புருஷன் சட்டை, அவள் பிள்ளைகளின் யூனிபாரம் எல்லாம் உப்புக்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். செல்லத்தாய் வீட்டுத் துணி கீழே மதிலோரத்தில், கொஞ்ச நேரம் வந்து போகிற வெயிலில் காய்ந்தால் உண்டு.

"நெழலு நம்ம மேல விழணும்னே கணக்குப் போட்டுக் கட்டியிருக்கா" என்பாள் புருஷனிடம்.

லிங்கராஜ் கடையில் கருப்பட்டி உடைத்துக்கொண்டே, "சூரியன் அவகிட்ட கேட்டுக்கிட்டா வாரான்?" என்பார்.

"நீங்க அவளுக்குத்தான பேசுவிய. பேசுங்க."

இந்துமதி ஒன்றும் அசலாள் இல்லை. லிங்கராஜின் தம்பி ஜெயகணேஷின் பெண்டாட்டி. மாமனார் இடத்தைப் பங்கு வைத்தபோது முன்பக்கம் கீழத்தெருவைப் பார்த்து ஓட்டு வீடும் கருப்பட்டிக் கடையும் இருந்தன. பின்பக்கம் மேலத்தெருவைப் பார்த்து வெறும் பள்ளம், எருக்கஞ்செடி, உடைந்த ஓடு. மூத்தவன் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். லிங்கராஜ் யோசிக்கும் முன்னால், "முன்பக்கந்தான் வேணும்" என்று சொன்னவள் செல்லத்தாய்தான். பள்ளத்தைக் கொழுந்தன் தலையில் கட்டியதில் அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஜெயகணேஷ் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி லாரியாகச் சரள்மண் அடித்தான். பள்ளம் மேடாயிற்று, மேட்டில் ஏழு படி வைத்து வீடு வந்தது, வீட்டின் மேல் மாடி வந்தது, மாடியில் கயிறு வந்தது. அதற்குள் கீழத்தெருவில் இரண்டு முறை ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுவிட்டார்கள். செல்லத்தாய் வீடு வாசற்படியோடு தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டது. பள்ளத்தில் இருந்தவள் மேலே, மேட்டை எடுத்தவள் கீழே. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ முடியும்? தானே வாயால் கேட்டு வாங்கியது.

ஆனி மாசத்துக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாளில்தான் பெனிஷா வந்தாள். சாயர்புரத்துப் பிள்ளை. ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். தலையில் தொப்பி, தோளில் பை, ஒரு கையில் டேப்லெட், மறு கையில் அவளைவிட உயரமான, கோடு போட்ட கோல். போன வெள்ளத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எத்தனை சுவர் விரிந்தது, எது மேடு, எது பள்ளம் என்று கணக்கெடுக்க வந்திருந்தாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் வடிகால் எங்கே வெட்டுவது, ரோட்டை எங்கே உயர்த்துவது, யாருக்கு வீடு கட்ட உதவி என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தது.

செல்லத்தாயும் கேட்டாள். ஆனால் அவள் மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளை முதலில் மேலத்தெருவுக்குப் போனாள். அதிலும் இந்துமதி வீட்டுக்குப் போனாள்.

செல்லத்தாய் மதிலோரம் போய் நின்று காதைத் தீட்டினாள். தட்டு வைக்கும் சத்தம், ஃபேன் போடும் சத்தம். "மக்ரூன் எடுத்துக்கோங்கம்மா, கூச்சப்படாதிய" என்று இந்துமதி. பிறகு, "எங்க வீட்டுக்குள்ள வரலம்மா. அஞ்சு படி முங்குச்சு, ரெண்டு படி பாக்கி. காம்பவுண்டு செவுத்துல கறை அப்படியே இருக்கு பாருங்க. பூசணும் பூசணும்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க, இன்னும் பூசின பாடில்ல."

இதில் செல்லத்தாய் எடுத்துக்கொண்டது முதல் வார்த்தையை மட்டும். எங்க வீட்டுக்குள்ள வரல. ஆகா, என்ன பெருமை. ஊரே முங்கிக் கிடந்தபோது இவள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லையாம். அதைப் போய் மக்ரூன் வைத்து விளம்பரம் செய்கிறாளாம்.

மறுநாள் பெனிஷா கீழத்தெருவுக்கு வந்தாள். கடை முன்னால் நின்று டேப்லெட்டைப் பார்த்தாள், வீட்டு எண்ணைப் பார்த்தாள். "அக்கா, எல்லா வீட்டையும் எடுக்க நேரம் பத்தாது. அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடுதான் எடுக்கோம். இந்தப் பக்கம் உங்க வீடு வந்திருக்கு."

செல்லத்தாய்க்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. அஞ்சு வீட்டில் தன் வீட்டைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஏன் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்ற கேள்வியே எழவில்லை.

"நம்ம வீடா வந்திருக்கு!" என்றாள், மாடிவரை கேட்கிற சத்தத்தில். "வா தாயி, உள்ள வா. புறவாசல்ல வேம்பு நிக்கி, காத்து வரும், அங்கன உக்காரு. மக்ரூனு கிக்ரூனுல்லாம் நம்மகிட்ட கெடையாது. சுக்குக்காப்பி தாரேன், உடம்புக்கு நல்லது. இந்தா, சில்லுக்கருப்பட்டி. ஏலக்கா தட்டிப் போட்டது, வாயில போடு."

பெனிஷா காப்பியை ஊதிக் குடித்தாள். நல்லாருக்குக்கா என்றாள். கோலை நட்டு மட்டம் பார்த்தாள். சுவரை மேலும் கீழும் பார்த்தாள். சுவர் வெள்ளைவெளேர் என்று இருந்தது. வெள்ளம் வந்தது மார்கழியில், தை பிறந்தால் பொங்கல். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு கீழத்தெருவில் உண்டா? அந்த வரிசையே கறையைச் சுரண்டி இரண்டு கை சுண்ணாம்பு அடித்துத்தான் பானை வைத்தது.

"தண்ணி எதுவரைக்கும் வந்ததுக்கா?"

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் தலைக்கு மேல் துணியை உதறும் சத்தம் கேட்டது. நீலக் கயிற்றுக்குப் பின்னால் இந்துமதி. ஒரு கிளிப்பை வாயில் கவ்வியபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படியத் தாண்டலம்மா" என்றாள் செல்லத்தாய்.

கடைக்குள் லிங்கராஜின் கை தராசிலேயே நின்றுவிட்டது.

பெனிஷா கோலையும் டேப்லெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இங்க பள்ளமா காட்டுதேக்கா. நல்லா நெனச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ள கொஞ்சங்கூட வரலையா?"

"ஒரு சொட்டு வரல. எங்க மாமனார் காலத்துக் கட்டடம். இப்பத்து வீடு மாதிரின்னு நெனச்சியா?"

"பக்கத்து வீடுகள்லயும் இப்படித்தானா?"

"எல்லாம் ஒரே வரிசைதான."

பிள்ளை மூன்றாம் முறையும் கேட்டாள். செல்லத்தாய் மூன்றாம் முறையும் அதையே சொன்னாள். பெனிஷா என்னத்தையோ தட்டிக்கொண்டாள், நன்றிக்கா என்றாள், கோலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் லிங்கராஜ் வந்தார். "ஏளா, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? கழுத்தளவு தண்ணியில நின்ன பொம்பள, ஒரு சொட்டு வரலைங்க?"

"மெதுவாப் பேசுங்க. அவ மேல நின்னுக்கிட்டிருந்தா."

"நின்னா? அவளுக்குத் தெரியாதாக்கும்? அவ வீட்டு மாடியிலதான மூணு நாளு கெடந்தோம்?"

"தெரிஞ்சிட்டுப் போறா. அவ காதுபட என் வாயால சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

நடந்தது இதுதான். குளம் உடைந்த அன்று மத்தியானத்துக்கெல்லாம் தண்ணீர் தெருவிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தது. வந்த தண்ணீர் போக வழி இல்லை. பரணில் ஏற்றிய சிப்பம் போக, கீழே இருந்த கருப்பட்டி முழுக்கக் கரைந்தது. உடன்குடியிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகாத சரக்கு. வீட்டுக்குள் நின்ற தண்ணீர் காப்பி நிறமாயிற்று. செல்லத்தாய் ஒரு ஓலைக் கொட்டானைத் தலையில் வைத்துக்கொண்டு புறவாசலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, "எல்லாம் போச்சே, எல்லாம் போச்சே" என்று கதறினாள். ஜெயகணேஷ் மாடியிலிருந்து அந்த நீலக் கயிற்றைத்தான் அவிழ்த்துப் போட்டான். அதைப் பிடித்துக்கொண்டுதான் புருஷனும் பெண்டாட்டியும் மதிலேறிப் போனார்கள். மூன்று நாளும் இந்துமதி போட்ட சோறு, இந்துமதி கொடுத்த மாற்றுச்சேலை. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் வந்தால் மூலைக்கு மூலை எறும்பு. கருப்பட்டி ஊறிய சுவரை விட்டு எறும்பு போக மாசி ஆயிற்று. எறும்பு கடித்ததுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சோறு, அதுதான் செல்லத்தாய்க்குச் செரிக்கவேயில்லை.

ஆவணியில் பள்ளிக்கூடச் சுவரில் பெரிய படம் ஒட்டினார்கள். தண்ணீர் நின்ற தெருவெல்லாம் சிவப்பு. முதல் கட்டமாகச் சிவப்புத் தெருக்களில் ரோட்டை இரண்டடி உயர்த்தி, ஓரத்தில் மூடி போட்ட வடிகால். சுவர் விரிந்த வீடுகளுக்குக் கட்டித் தரும் உதவியும் சிவப்புக்குள்தான். மேலத்தெரு நல்ல ரத்தச் சிவப்பு. கீழத்தெரு சுண்ணாம்பு வெள்ளை.

சேதியைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு சந்தனமாரி. இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். ஷிப்ட் முடிந்து, கையில் இறால் வாடையோடு நேரே கடைக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் இறந்து நாளாகிறது. வெள்ளத்தில் கீழ்ச்சுவர் விரிந்து, இரண்டு பனங்கட்டையை முட்டுக்கொடுத்து, தார்ப்பாய் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

"அக்கா, நம்ம வரிசை வெள்ளையாக் கெடக்குக்கா! எதுக்க வீட்டு மாமா படிச்சுக் காட்டுனாவ. தண்ணி நிக்காத பகுதின்னு போட்டிருக்காம். கட்டில் மெதந்துச்சேக்கா, எம்புள்ளைய கட்டிலோட மெதந்தாளுவளே!"

செல்லத்தாய் தராசுத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தாள்.

"மேலத்தெருவ ஒசத்துனா அந்தத் தண்ணியும் எங்க போவும்? நம்ம பக்கந்தான வரும்? போன தடவ கழுத்துன்னா இந்தத் தடவ தலைக்கு மேல போயிரும்க்கா" என்ற சந்தனமாரி, குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் புள்ள ஒங்க வீட்டுலதான வந்து கேட்டா? நீங்க சொன்னியளா இல்லியா?"

"சொல்லாம? உள்ளதச் சொன்னேன். அது அந்தப் பலகையில என்னத்தத் தட்டிச்சோ, யாரு கண்டா?"

லிங்கராஜ் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "எனக்கு வேண்டாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் காலையிலும் அவருக்குப் பசிக்கவில்லை. கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைத்தும் பசிக்கவில்லை என்றால் செல்லத்தாய்க்குப் புரியாதா?

தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆட்சேபம் சொல்ல வந்தவர்களின் கூட்டம். பெனிஷா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கம்மிப்போயிருந்தாள். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று செல்லத்தாய் தூணோரம் நின்றாள். குறைந்ததும் போய்ச் சொன்னாள்.

"தாயி, அன்னைக்கு நான் சொன்னது பொய். கழுத்துமுட்ட தண்ணி."

பெனிஷா நிமிர்ந்து பார்த்தாள். சுக்குக்காப்பியை நினைவு வைத்திருந்தாள் போல, முகத்தில் கோபம் வரவில்லை. அது செல்லத்தாய்க்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"மூணு தடவ கேட்டேனேக்கா. மட்டம் பள்ளம்னு காட்டுது, நீங்க வரவே இல்லன்னிய. அப்பம் தண்ணி வடிய இங்க ஏதோ வழி இருக்கும்னு முடிவு பண்ணிட்டோம்."

"வேற வீட்டுல கேட்டிருக்கலாமே."

"உங்க தெருவுல மேக்கோரம் எல்லாம் மேடுக்கா, அங்க எடுத்த வீடுகள்ல தண்ணி வரல. பள்ளத்து வரிசைக்குன்னு வந்தது உங்க வீடு ஒண்ணுதான். பக்கத்துல உள்ள அத்தன வீட்டுக்கும் சேத்துப் பதில் சொல்லுத வீடு அது."

செல்லத்தாய்க்கு அப்போதுதான் விளங்கிற்று. அஞ்சு வீட்டில் நல்ல வீடு என்று பொறுக்கவில்லை. அஞ்சு வீட்டு வாயையும் அவள் ஒருத்தி வாயில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

"இப்பம் மாத்திப் போடு தாயி. நான் எங்க வேணும்னாலும் சொல்லுதேன்."

"எப்படிக்கா மாத்த? காலையில இருந்து பாருங்க, ஆனியில முழங்கால்னு சொன்னவங்க எல்லாம் இப்ப கழுத்துங்காங்க. வடிகால் வருதுன்னு தெரிஞ்ச பொறவு சொல்லுததக் கணக்குல ஏத்துனா எல்லாருக்கும் ஏத்தணும். அப்புறம் நெசமாவே யாரு பள்ளத்துல இருக்காங்கன்னே தெரியாமப் போயிரும். உங்கள நான் நம்புதேன். ஆனா எங்க இன்ஜினியர் சாருக்கு நான் என்னத்தக் காட்ட? அன்னைக்கு எடுத்த போட்டோவோ வீடியோவோ, தேதியோட இருந்தா குடுங்க. நாளைக்குச் சாயந்தரத்தோட முடிக்கோம்."

போட்டோவுக்கு எங்கே போவது? அன்றைக்கு அந்த வரிசையில் பாதி போன் கரண்டு இல்லாமல் செத்துக் கிடந்தது, மீதி தண்ணீரில் கிடந்தது. படியிறங்கும்போதுதான் செல்லத்தாய்க்குச் சுருக்கென்றது. மாடியில் ஒரு போன் உயிரோடு இருந்தது.

கழுத்தளவு தண்ணீரில், தலைவிரிகோலமாய், சேலை விலகியதுகூடத் தெரியாமல் அவள் கதறிக்கொண்டிருந்தபோது இந்துமதி மேலே நின்று வீடியோ எடுத்தாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அந்த வரிசை முழுவதையும் எடுத்தாள். மாடி ஏறி வந்து தலை துவட்டியதும் செல்லத்தாய் கேட்ட முதல் பேச்சே அதுதான். "என் மானத்த ஊருக்குக் காட்டவா எடுத்த? அழிளா! என் கண்ணு முன்னால அழி! ஒன் புள்ளைய மேல சத்தியம் பண்ணு!" இந்துமதி அழுதுகொண்டே எதையோ அழுத்திக் காட்டினாள். செல்லத்தாய் நம்பவில்லை. இந்நாள்வரை நம்பவில்லை. அவள் அதை வைத்திருக்கிறாள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள் என்பது செல்லத்தாய்க்கு நிச்சயம். ஏரல் கல்யாணத்தில் பந்தியில் யாரோ சிரித்தார்கள், அந்த வீடியோவுக்குத்தான். நாத்தனார் வீட்டுச் சடங்கில் இரண்டு பேர் போனைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள், அதற்கும் அந்த வீடியோதான். அதை நினைத்து நினைத்து எத்தனை நாள் அவளைச் சபித்திருப்பாள்!

இன்றைக்கு அது இருக்கிறது என்ற நினைப்பில் கால் வேகமாக நடந்தது. சந்தனமாரி வாசலிலேயே நின்றாள்.

"ஒரு வீடியோ இருக்குளா. நம்ம வரிசை முழுக்க வெள்ளத்துல நிக்கது அதுல இருக்கு. அதக் குடுத்தா மாத்திருவாவளாம்."

"யாருகிட்டக்கா?"

"இந்துமதிட்டதான். லேசுல தர மாட்டா, பாரேன். கெஞ்ச வச்சுத்தான் தருவா."

"நானும் வாரேங்க்கா. கால்ல விழணும்னாலும் விழுதேன்."

இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனார்கள். சந்தனமாரி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். செல்லத்தாய் ஏழு படியும் ஏறினாள். அந்த மூன்று நாளுக்குப் பிறகு அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோதுகூடத் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

"அக்கா! வாங்க, வாங்க. இப்பந்தான் வழி தெரிஞ்சுதா?" இந்துமதி அடுக்களையிலிருந்து கை துடைத்தபடி ஓடிவந்தாள். நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசனை. தரையெல்லாம் டைல்ஸ், கால் வழுக்கியது. "உக்காருங்கக்கா. ஃபேனப் போடுதேன். குழம்பு எறக்கப் போறேன், ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போணும்."

"சாப்பிட வரலளா. ஒரு காரியமா வந்தேன்." செல்லத்தாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "எங்க வரிசை வெள்ளையா வந்திருக்கு."

"பாத்தேன்க்கா. அவங்களும் சொல்லி வருத்தப்பட்டாங்க."

"நான் தண்ணி வரலன்னு சொன்னது ஒனக்குத் தெரியுந்தான?"

இந்துமதி முந்தானையைத் திருகினாள். "மேல துணி போட்டுக்கிட்டு நின்னேன். காதுல விழுந்துச்சு. குறுக்க பேசுனா அந்தப் புள்ள முன்னால ஒங்க மொகம் சுண்டிப் போயிருமேன்னு இருந்துட்டேன். தப்புத்தான் போலக்கா."

இவள் எதற்குத் தப்பு என்கிறாள்? செல்லத்தாய்க்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரி, அத விடு. அன்னைக்கு மாடியில நின்னு வீடியோ எடுத்தேல்லா, அது வேணும்."

"அதா? அத அன்னைக்கே அழிச்சிட்டேனேக்கா. நீங்கதான அழிக்கச் சொன்னிய."

"அது சும்மா எனக்காக அழிச்ச மாதிரி காட்டுன. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், எடுத்துக் குடு."

"இல்லக்கா, நெசமாவே அழிச்சிட்டேன். ஹெல்ப்லைன் நம்பருக்கு அனுப்புனா போட் அனுப்புவாங்கன்னு சொன்னாங்க, அதுக்குத்தான் எடுத்தேன். டவர் கெடைக்கல. கெடைக்க முன்னாடி நீங்க சத்தம் போட்டிய, அழிச்சிட்டேன். அந்தப் போனும் இப்ப இல்ல, கெட்டுப்போயி மாத்தியாச்சு."

"கொழுந்தனாருக்கு அனுப்பியிருப்ப."

"அவங்க பக்கத்துலதான நின்னாங்க."

"ஒங்க அம்மைக்கு? ஏரல்காரங்களுக்கு? ஒங்க அக்கா தங்கச்சி யாருக்காச்சும்? ஏளா, நெசத்தச் சொல்லு, ஒனக்குப் புண்ணியமாப் போவும். என்னப் பாத்து நாலு பேரு சிரிக்கணும்னு அனுப்பியிருந்தாலும் சரிதான். நல்லா சிரிக்கட்டும். யாருகிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லு, அவுகட்டப் போயி நானே வாங்கிக்கிடுதேன்."

இந்துமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எம்புள்ளைய மேல சத்தியம் வாங்குனியளேக்கா. அதுக்குப் பொறவு வச்சிருப்பேனா? ஒருத்தருக்குங்கூட அனுப்பல."

"ஒருத்தருக்குக்கூடவா?"

"ஒருத்தருக்குங்கூட இல்லக்கா."

செல்லத்தாய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏரல் கல்யாணத்தில் அவர்கள் வேறு எதற்கோ சிரித்திருக்கிறார்கள். அத்தனை நாளும் அவள் பல்லைக் கடித்ததும் சபித்ததும் ஒன்றுமில்லாத ஒன்றுக்கு. இவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். பாவி, காப்பாற்றித் தொலைத்துவிட்டாள்.

"ஒரு தடவையாச்சும் நீ கெட்டவளா இருந்திருக்கக் கூடாதாளா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

இந்துமதிக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, தண்ணி குடிங்கக்கா" என்று சொம்பை நீட்டினாள். செல்லத்தாய் வாங்கவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு சந்தனமாரி நின்றாள். "கெடைச்சுதாக்கா?"

செல்லத்தாய் கடைசிப் படியில் நின்றாள். பின்னால் இந்துமதியும் நிலைப்படிக்கு வந்துவிட்டது தெரிந்தது. 'அவ அழிச்சிட்டா' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். பொய்கூட இல்லை. சாயந்தரத்துக்குள் அந்த வரிசை மொத்தமும் இந்துமதியை மண்ணைத் தூற்றிச் சபிக்கும். தன் தெருவுக்கு வடிகால் வந்துவிட்ட திமிரில் அழித்தாள் என்று பேசுவார்கள். அப்படிப் பேசுவதைக் கேட்க எத்தனை வருசமாக அவள் காது ஏங்கிக் கிடந்தது! வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"என்னக்கா, தர மாட்டேன்னுட்டாளா?"

"அழிச்சாச்சு" என்றாள் செல்லத்தாய். "அழிக்கச் சொன்னது நான். புள்ளைய மேல சத்தியம் வாங்கி அழிக்க வச்சேன். தண்ணி வரலன்னு அந்தப் புள்ளகிட்டச் சொன்னதும் நாந்தான்ளா. அது தப்பா ஒண்ணும் தட்டல."

சந்தனமாரி ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கேட்டுக் கம்பியைப் பிடித்த கை மட்டும் இறங்கியது.

"ஏங்க்கா அப்படிச் சொன்னிய?"

மேலே நிற்கிறவள் காதில் விழ அதை எப்படிச் சொல்வது?

"ஐப்பசி மழைக்கு எங்க செவுரு நிக்காது" என்றாள் சந்தனமாரி, யாருக்கோ சொல்வது போல. "பொட்டப்புள்ளையள வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?"

என் வீட்டுக்கு வந்திரு என்று சொல்ல செல்லத்தாய்க்கு வாய் வந்தது. எந்த வீட்டுக்கு? இந்தத் தடவை தலைக்கு மேல் முங்கப் போகிற வீட்டுக்கா?

"எங்க மாடி இருக்குல்லா, சந்தனம்" என்றாள் இந்துமதி மேலிருந்து. "மழ கொஞ்சம் வலுத்தாலே புள்ளையளக் கூட்டிக்கிட்டு வந்திரு. தண்ணி ஏறுத வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காத. அக்காவும் அத்தானும் வருவாங்க, எல்லாரும் இருந்துக்கிடலாம்."

அந்த வார்த்தையையும் அவளே சொல்லிவிட்டாள். செல்லத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தன் முகத்தில் இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

"சரின்னு சொல்லுளா" என்றாள், சந்தனமாரியைப் பார்த்தே.